இரண்டாவது நடைமேடையில் ஊர்வலம்

என் தங்கை ஜிவ்காவின் குரலைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. முகம் தெரியாதவர்கள் நிறையப் பேர் உண்டு. முப்பது ஆண்டுகள் அவள் ரயில் நிலையத்தின் மேல்மாடிக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து வண்டிகளை அறிவித்தாள். இன்றைக்கும் அவள் பால் கடையில் நின்று "கால் கிலோ வெண்ணெய்" என்று கேட்டால், முன்னால் நிற்பவர் கீழே வைத்த பையைக் கையில் எடுத்துக்கொள்வார்.

நான் தோன்கா, அவளுக்கு மூன்று வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு சட்டைத் தொழிற்சாலைக்குப் போனேன். கடைசி மேசையில் உட்கார்ந்து காஜாக்களைச் சரிபார்ப்பது என் வேலை. நூல் பிரிந்திருந்தால் சட்டை திரும்பிப் போகும். அந்தப் பழக்கம் விடவில்லை. இங்கே எழுதுவதையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தங்கை என்பதால் மெருகேற்றிச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மெருகு அவளிடமே இருக்கிறது.

அவளுக்கு முன்னால் எங்கள் அம்மாவுக்கு இரண்டு குழந்தைகள் தொட்டிலிலேயே போய்விட்டன. அதனால்தான் அப்பா அவளுக்கு ஜிவ்கா என்று பெயர் வைத்தார். எங்கள் மொழியில் உயிரோடிருப்பவள் என்று பொருள். அவள் அந்தப் பெயருக்கு ஏற்றபடி சத்தமாகவே வளர்ந்தாள். பள்ளியில் கவிதை ஒப்பிக்க, திருமணத்தில் பாட, தெருமுனையில் நின்று ஆட்டைக் கூப்பிட, எல்லாவற்றுக்கும் அவளைத்தான் அனுப்புவார்கள். நிலையத்தில் வேலை கிடைத்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை.

அந்த வேலையில் அவளுக்கு ஒரு விதி இருந்தது. முந்தைய நிலையத்திலிருந்து மணி அடித்துத் தகவல் வராமல் எந்த வண்டியையும் அறிவிக்கக் கூடாது. கீழே நூறு பேர் கையை உயர்த்திக் கேட்டாலும் சரி, நிலைய அதிகாரியே வந்து அவசரப்படுத்தினாலும் சரி. "வராத வண்டியை வருதுன்னு சொன்னா, ஜனங்க தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுவாங்க அக்கா. அப்புறம் யாரு திருப்பிக் கூட்டிட்டு வர்றது?" என்பாள். முப்பது ஆண்டுகளில் ஒரு முறைகூட அவள் அந்த விதியை மீறியதில்லை.

ஆனால் அவளையே ஒருவர் முன்கூட்டி அறிவித்துவிட்டார். அவர் கல்லறைக்குக் கல் செதுக்குபவர்.

அவள் கணவன் தோதோர் மாரடைப்பில் போனது தொண்ணூற்றாறில். எங்கள் பக்கத்தில் கணவன் மனைவிக்கு ஒரே கல்தான். ஒருவர் போனால், இருப்பவரின் படமும் பெயரும் பிறந்த ஆண்டும் கூடவே செதுக்கப்படும். ஒரு சின்னக் கோடு போட்டு இறந்த ஆண்டுக்கு இடம் விடுவார்கள். பிறகு எவரும் இரண்டாவது கல்லுக்கு அலைய வேண்டாம். அந்தக் கிழவர் பழக்கதோஷத்தில் ஜிவ்காவின் படத்துக்குக் கீழே 1951 என்று எழுதி, கோடு போட்டு, 19 என்றும் செதுக்கிவிட்டார். கடைசி இரண்டு எண்களுக்கு மட்டும் இடம் விட்டார். நூற்றாண்டு முடிய நான்கு ஆண்டுகள்தான் பாக்கி என்பது அவருக்கும் உறைக்கவில்லை, கறுப்பு முக்காட்டோடு நின்ற எங்களுக்கும் உறைக்கவில்லை.

இரண்டாயிரம் பிறந்த காலையில் அவள் வீட்டுக் கதவைத் தட்டி, "கல்லை ஏமாத்திட்டடி" என்றேன். அன்று அவள் ரொட்டி மாவுக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். பிறகு பல ஆண்டுகள் அது எங்களுக்குள் ஒரு வேடிக்கையாகவே இருந்தது. புதிதாக எதையாவது வாங்கினால், "செத்தவளுக்கு எதுக்குடி புது செருப்பு?" என்று கேட்பேன். "செத்தவளுக்குக் கால் சில்லுனு இருக்கு" என்பாள்.

வேடிக்கை நின்றுபோனது ஒரு மே இருபத்துநான்காம் தேதி. அன்றைக்கு எழுத்துகளின் திருநாள். எங்கள் நாட்டில் அதைவிடப் பெரிய ஊர்வலம் கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் பூங்கொத்தும் கொடியுமாகச் சதுக்கத்துக்குள் வருவார்கள். ஒவ்வொரு பள்ளியும் வரும்போது மேடையில் ஒலிபெருக்கி முன் நின்று அதன் பெயரை அறிவிப்பவள் ஜிவ்கா. ஓய்வு பெற்ற பிறகும் நகராட்சி அதற்கு அவளைத்தான் கூப்பிடும். அவளுக்கு அன்று அறுபத்தேழு வயது. முடியைச் சுருட்டி, தோதோர் வாங்கிக் கொடுத்த நீல ப்ரோச்சைக் குத்திக்கொண்டு நின்றாள். நான் மேடைக்குக் கீழே முதல் வரிசையில் இருந்தேன்.

உயர்நிலைப் பள்ளியின் கொடி வளைவில் திரும்பியது. ஜிவ்கா மூச்சை இழுத்து, ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ரூசே செல்லும் பயணிகள் வண்டி இன்னும் சற்று நேரத்தில் இரண்டாவது நடைமேடைக்கு வந்து சேரும்."

பிறகு சதுக்கமே சிரித்தது. பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு புகைவண்டி ஓட்டினார்கள். தலைமையாசிரியரும் கையால் சக்கரம் சுற்றினார். யாரும் கேலியாகச் சிரிக்கவில்லை. நான் திரும்பித் திரும்பி முகங்களைப் பார்த்தேன், எல்லாம் சந்தோஷ முகங்கள். மேடையில் இருந்த ஒரு முகம் மட்டும் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மற்றப் பள்ளிகளை அறிவித்து முடித்ததும், வட்ட நடனத்துக்கும் நிற்காமல் அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் போனபோது ப்ரோச்சைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, கல்லு சரியாத்தான் எழுதியிருக்கு. என் தலை எப்பவோ போயாச்சு. எனக்குத்தான் இப்பத் தெரியுது."

"வாய் தவறிச்சு. அவ்வளவுதானே?"

"வாய் எதுக்குத் தவறுது? மேல இருக்கறது கெட்டுப்போனாத்தானே தவறும்?"

அன்றிலிருந்து அவள் தன்னைத்தானே உளவு பார்க்க ஆரம்பித்தாள். மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினால், அது ஒரு அத்தாட்சி. என்னை அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால், அது இன்னொன்று. சூப்பில் உப்பு இரண்டு முறை விழுந்த நாளன்று மாலைவரை பேசவே இல்லை. கடைசியில், ப்லோவ்திவில் இருக்கும் மகள் இஸ்க்ராவுக்குத் தொலைபேசியில் "வந்துடறேன்மா" என்று சொல்லிவிட்டாள். இஸ்க்ரா பல காலமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள். அக்டோபர் கடைசியில் வரும் திமித்ர் திருநாளுக்கு வந்து கூட்டிப் போவதாக ஏற்பாடு. எங்கள் பக்கம் குடித்தனம் மாறுகிறவர்கள், வேலை மாறுகிறவர்கள் எல்லாரும் பார்க்கும் நாள் அது.

இஸ்க்ரா நல்ல பெண். குறை சொல்ல மாட்டேன். ஆனால் எட்டாவது மாடியில் ஒரு அறை, ஜன்னலுக்கு வெளியே இன்னொரு கட்டடம். இங்கே ஜிவ்காவுக்குச் சொந்த வீடு, சீமை மாதுளை மரம், ஒரு சந்து தாண்டினால் நான். காலைக் காப்பியை நாங்கள் இரண்டு பேரும் எத்தனையோ காலமாக அவள் முற்றத்தில்தான் குடிக்கிறோம். அவள் போனால் அந்தக் காப்பி எனக்கு எப்படி இறங்கும் என்று யோசித்துப் பார்த்தேன். இறங்காது.

செப்டம்பரில் தெருவெல்லாம் சிவப்பு மிளகாய் சுடும் வாசனை. மூட்டை மூட்டையாக வாங்கி, முற்றத்தில் அடுப்பு வைத்துச் சுட்டு, தோல் உரித்து, தக்காளியோடு கிளறி, குளிர்காலத்துக்கு ஜாடிகளில் அடைப்போம். இந்த லூத்தெனீத்சா விழுது இல்லாமல் எங்களுக்குக் குளிர்காலம் இல்லை. அந்த ஆண்டு ஜிவ்காவின் முற்றத்தில் மட்டும் புகை எழவில்லை. காலி ஜாடிகள் கொட்டகையில் கவிழ்ந்து கிடந்தன. "யாரு திங்கறதுக்கு?" என்றாள்.

அந்த மாதத்தில்தான் வாசகசாலை ருமியானா வந்தாள். ஒவ்வொரு புதன்கிழமையும் கண் மங்கியவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுபவள் அவள். தொண்டையில் கட்டி எடுத்திருந்ததால் ஒரு மாதம் பேசக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தனக்குப் பதிலாக ஜிவ்கா வந்து படிக்க முடியுமா என்று கிசுகிசுவென்றுதான் கேட்டாள். அவள் கிசுகிசுத்ததால் ஜிவ்காவும் கிசுகிசுத்தாள். பக்கத்தில் இருந்த எனக்கு இரண்டு பேரும் எதையோ திருடத் திட்டமிடுவது போல இருந்தது.

"என் தலை சரியில்லை ருமியானா."

"தலை வேண்டாம். குரல் மட்டும் குடு. புரிஞ்சுக்கறதை அவங்க பார்த்துக்குவாங்க."

"மைக்கு இருக்கா?"

"பத்துப் பேருக்கு எதுக்கு மைக்கு?"

மைக் இல்லை என்றதும் ஒத்துக்கொண்டாள். நானும் கூடப் போனேன். எல்லோரும் கொலைக் கதைதான் கேட்டிருந்தார்கள். ஆனால் ருமியானா எடுத்து வைத்திருந்தது முதுமையின் உளவியல் பற்றிய ஒரு தடித்த புத்தகம். மாவட்ட நூலகத்திலிருந்து இலவசமாக வந்த பெட்டியில் இருந்ததாம். காரணம் வேறொன்றுமில்லை, அதில்தான் எழுத்து பெரிதாக இருந்தது.

கூட்டத்தில் மூத்தவர் மின்கோ. எஞ்சின் ஓட்டியாக இருந்தவர், இரண்டு கண்ணிலும் புரை. ஜிவ்கா முதல் பத்தியைப் படித்தாள். அவளுக்கு உரக்கப் படிக்கத் தெரிந்த விதம் ஒன்றே ஒன்றுதான்: "மனித மூளையின் வேகம். நடு வயதிலிருந்து. படிப்படியாகக் குறைகிறது."

மின்கோ நிமிர்ந்து உட்கார்ந்தார். "எத்தனாவது நடைமேடைன்னு சொல்லலையே தாயி."

எல்லோரும் சிரித்தார்கள். ஜிவ்கா புத்தகத்தை மூடப் போனாள்.

"மூடாத, மூடாத," என்றார் மின்கோ. "முப்பது வருஷம் உன் குரலைக் கேட்டுத்தான் வண்டியை உள்ள கொண்டாந்தேன். உன் மூஞ்சியே எனக்குத் தெரியாது. இப்பவும் தெரியலை. படி. இதுல கொலை எப்ப வரும்?"

"மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொல்றாங்க. பக்கத்துக்குப் பக்கம்," என்றாள் ஜிவ்கா.

எனக்குத் தெரிந்து அது மே மாதத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வேடிக்கை.

அடுத்த புதன்கிழமை பெயர் மறப்பதைப் பற்றிய பகுதி. வயதானால் பெயர்கள் நாக்கின் நுனிக்கு வந்து நின்றுவிடும். ஆனால் தெரிந்த சொற்களின் எண்ணிக்கை அப்படிக் குறைவதில்லை, பலருக்கு எழுபதை ஒட்டியும் அது கூடத்தான் செய்கிறது என்று இருந்தது. கிடங்கு பெரிதாகிவிட்டதால் பொருளை எடுத்து வரக் கொஞ்சம் நேரமாகிறது என்று நான் அதைப் புரிந்துகொண்டேன். தொழிற்சாலைக் கிடங்கிலும் அப்படித்தான்.

"அப்ப என் பொண்டாட்டி பேரு மறந்துபோறது வியாதி இல்லையா?" என்று கேட்டார் மின்கோ.

"உங்களுக்கு மூணு பொண்டாட்டி அண்ணே. அது வியாதி இல்லை, நெரிசல்," என்றாள் ஜிவ்கா.

மூன்றாவது புதன்கிழமையை நான் மறக்க மாட்டேன். அறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ருமியானா எல்லோருக்கும் லிண்டன் பூத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு பரிசோதனையைப் பற்றி ஜிவ்கா படித்தாள். ஒரே வயது முதியவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஒரே சொற்களைக் கொடுத்தார்கள். முதல் குழுவிடம், வயதானால் நினைவு எவ்வளவு கெடுகிறது என்று பார்க்கும் தேர்வு இது என்றார்கள். இரண்டாவது குழுவிடம், இது ஒரு சொல் விளையாட்டு என்றார்கள். முதல் குழுவுக்கு நினைவில் நின்ற சொற்கள் குறைவு. கெட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டுத் தேடச் சொன்னால், தேடுகிறவர் பாதி மனசைப் பயத்துக்குக் கொடுத்துவிடுகிறார் என்று விளக்கம் இருந்தது.

ஜிவ்கா நிறுத்திவிட்டாள். பிறகு யாரும் கேட்காமலே அந்தப் பத்தியை இரண்டாம் முறை படித்தாள். இந்த முறை வண்டி அறிவிக்கும் குரலில் இல்லை. காப்பி குடிக்கும்போது என்னோடு பேசுவாளே, அந்தக் குரல்.

"வேற ஏதாவது எழுதியிருக்கா?" என்று கேட்டார் மின்கோ.

"அதே தான் அண்ணே. எனக்குத்தான் இன்னொரு தடவை வேணுமா இருந்துச்சு."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"அக்கா, அன்னிக்கு உயர்நிலைப் பள்ளிக்குப் பதிலா நடுநிலைப் பள்ளின்னு கூப்பிட்டிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்?"

"திருத்திச் சொல்லியிருப்ப."

"முப்பது வயசுல அப்படி ஆகியிருந்தா?"

"ராத்திரி முழுக்க சிரிச்சிருப்ப."

"அப்ப அன்னிக்கு ஆனது ஒரு நாக்குப் பிசகு. மிச்சத்தை எல்லாம் நான்தான் கூடச் சேர்த்திருக்கேன்."

எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். "ஒரு காஜா பிசகினா சட்டையைத் திருப்பி அனுப்புவோம். தொழிற்சாலையையா பூட்டுவோம்?"

அவள் நின்று என்னைப் பார்த்தாள். "இதை மே மாசமே சொல்றதுக்கு என்ன?"

"மே மாசம் நீ புத்தகம் படிக்கலையே."

ஆனால் நான் எதையும் பாதியில் விடுகிறவள் அல்ல. அதே புத்தகத்தில், உண்மையான மறதி நோய் என்று ஒன்று உண்டு, அதை வயதின் மேல் போட்டு விட்டுவிடக் கூடாது, சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றும் இருந்தது. அதையும் அவளை இரண்டு முறை படிக்க வைத்தேன். அடுத்த வாரம் இருவரும் வண்டியேறி நரம்பு மருத்துவரிடம் போனோம். சொற்கள் கேட்டார், கணக்குக் கேட்டார். ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார். ஜிவ்கா நிலையத்துப் பெரிய கடிகாரத்தையே வரைந்தாள், நொடி முள்ளோடு, மேலே அது தொங்கும் இரும்புக் கொக்கியோடு. பிறகு நிமிர்ந்து, "வர்ற நேரமா, கிளம்பற நேரமா?" என்று கேட்டாள்.

மருத்துவர் சிரித்துவிட்டார். "உங்க வயசுக்கு ரொம்ப நல்லா இருக்கீங்கம்மா."

"வயசை விட்டுட்டுச் சொல்லுங்க டாக்டர்."

"நல்லா இருக்கீங்க."

திரும்பி வரும்போது சந்தையில் இறங்கினாள். மிளகாய்ப் பருவம் அநேகமாக முடிந்துவிட்டது. கடைசி மூட்டைகள், சிலவற்றில் கறுப்புப் புள்ளி. அவள் குனிந்து ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். மூட்டையைத் தூக்கும்போது, "நான் ஒண்ணும் சொல்லலை. நீயும் ஒண்ணும் கேக்காத," என்றாள். நான் கேட்கவில்லை. மறுநாள் காலை அவள் முற்றத்திலிருந்து புகை எழுந்தது. சுட்ட மிளகாய் வாசனை சந்து தாண்டி என் சமையலறைக்குள் வந்தது. கையில் இருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு, தோல் உரிக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினேன். வேலி மேல் ஒவ்வொரு தலையாக எட்டிப் பார்த்தது. யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போகிறவள் மிளகாய் சுட மாட்டாள் என்பது எங்கள் தெருவுக்குத் தெரியும்.

தெரியாதவள் இஸ்க்ரா ஒருத்திதான். திமித்ர் திருநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை, பின்னிருக்கையை மடக்கிப்போட்ட காரோடு வந்தாள். சமையலறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மேசையில், ஜன்னல் திட்டில், தரையில், எங்கும் சிவப்பு ஜாடிகள், போர்வை போர்த்தி ஆறிக்கொண்டிருந்தன.

"என்னம்மா இது? இத்தனையும் காருல எப்படி ஏத்தறது?"

"உனக்கு எட்டு ஜாடி. மிச்சம் இங்கயே இருக்கும்."

"நீ அங்க வரப்போற, ஜாடி இங்க எதுக்கு?" பிறகு என்னைப் பார்த்தாள். "பெரியம்மா, நீங்க எதாச்சும் சொன்னீங்களா?"

"நான் மிளகாய்த் தோல் உரிச்சேன். அவ்வளவுதான்," என்றேன்.

"அம்மா, நீயேதான் போன்ல அழுதே. தலை போச்சு, பேரு மறக்குது, உப்பு ரெண்டு தடவை போடறேன்னு. நான் அறையெல்லாம் வெள்ளையடிச்சு வச்சிருக்கேன். இங்க உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்கிருந்து ஓடி வருவேன்?" அவள் குரல் உடைந்தது. கைப்பையைக் கிளறினாள், கோட்டுப் பைகளைத் தட்டினாள், வாசலுக்குப் போய்க் காரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"என்ன தேடற?"

"கார்ச் சாவி. இப்பத்தான் கையில வச்சிருந்தேன்."

கைக்குட்டை எடுக்கப் பையைத் திறந்தபோது கவ்விக்கொண்ட சாவி, அவள் பல்லிடுக்கில் வளையத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. பேசும்போது அது ஆடியது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஜிவ்கா எழுந்து போய், மகளின் வாயிலிருந்து சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள்.

"உனக்கு நாப்பத்திரண்டு. உன்னைக் கூட்டிட்டுப் போயி எங்க வைக்கறது?"

இஸ்க்ரா அழுதுகொண்டே சிரித்தாள். ஆனால் விடவில்லை. காலையில் கல்லறைக்குப் போய் வந்ததும் முடிவு செய்யலாம் என்றாள்.

மறுநாள் இறந்தவர்களின் சனிக்கிழமை. ஊரில் பாதிப் பேர் கல்லறை மேட்டில் இருந்தார்கள். வேகவைத்த கோதுமையும் ரொட்டியும் ஒயினுமாகப் போனோம். ஜிவ்கா தோதோரின் தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி, ஒயினைச் சிலுவைபோல் ஊற்றினாள். பக்கத்துக் கல்லறைக்காரர்களுக்குக் கோதுமை கொடுத்தாள். கல்லில் தோதோர் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் கறுப்பு முக்காட்டோடு நாற்பத்தைந்து வயது ஜிவ்கா, கீழே 1951, கோடு, 19.

கல் செதுக்கும் மாலின், அந்தக் கிழவரின் மகன், அந்த நாட்களில் வரிசை வரிசையாக நடந்து வேலை கேட்பது வழக்கம். எங்களிடமும் வந்தான். அந்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குக் கூச்சம்.

"அத்தை, அப்பா செஞ்ச தப்பை நான் சரிபண்ணிடறேன். ஒண்ணை ரெண்டாக்கி, ஒன்பதை அடைச்சு உருட்டிப் பூஜ்யமாக்கிட்டா இருபதாயிடும். தள்ளி நின்னு பாத்தா தெரியாது."

இஸ்க்ரா, "அதானே, செய்ங்க," என்றாள்.

ஜிவ்கா கல்லில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"முந்தின ஸ்டேஷன்ல இருந்து மணி அடிச்சுதா மாலின்?"

அவனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"தகவல் வராத வண்டியை நான் முப்பது வருஷத்துல ஒரு தடவை அறிவிச்சதில்லை. இந்தக் கல்லு இருபத்திரண்டு வருஷமா அறிவிச்சுட்டே நிக்குது. நானும் இந்த வருஷம் அதை நம்பி, தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்னுட்டேன்." விரலால் 19ஐத் தடவினாள். "பத்தொன்பதும் வேண்டாம், இருபதும் வேண்டாம். தேய்ச்சு வழவழன்னு ஆக்கிடுப்பா."

"அப்ப கோடு?"

"கோடு இருக்கட்டும். அது ஓடிட்டிருக்கு."

பிறகு மகளைப் பார்த்தாள். "உன் வீட்டுக்கும் அப்படித்தான் கண்ணு. மணி அடிச்சா நானே சொல்லுவேன், ஒளிக்க மாட்டேன். டாக்டர்கிட்டயும் வருஷா வருஷம் போறேன், உன் பெரியம்மா விடமாட்டா. அதுக்கு முன்னாடி என்னை வண்டியில ஏத்தாத."

இஸ்க்ரா அம்மாவின் கையில் இருந்த கோதுமைக் கிண்ணத்தை வாங்கி, மாலினுக்கு ஒரு கரண்டி போட்டாள். எங்கள் பக்கம் இறந்தவர் பெயரில் கொடுப்பதை வாங்கிக்கொள்கிறவர், இறைவன் அவரை மன்னிக்கட்டும் என்று சொல்ல வேண்டும். மாலின் சொன்னான். யார் பெயரில் என்று தெரியாமல் கல்லையும் ஜிவ்காவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"தோதோருக்கு மட்டும்தான்," என்றாள் இஸ்க்ரா.

திங்கட்கிழமை அவள் எட்டு ஜாடியோடு தனியாகத் திரும்பினாள். பின்னிருக்கை மடக்கியபடியே இருந்தது. வீட்டுக்குப் போய்த் தொலைபேசியில், வெள்ளையடித்த அறையில் தன் பிள்ளை மேளம் வாசிக்கப் போகிறான், அம்மா வந்திருந்தாலும் ஓடிப்போயிருப்பாள் என்றாள். அவளுக்கு நிம்மதியா வருத்தமா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

அந்தக் குளிர்காலம் முழுக்கப் புதன்கிழமைகள் நடந்தன. ருமியானாவின் தொண்டை சரியான பிறகும் யாரும் ஜிவ்காவை விடவில்லை. புத்தகத்தின் பின்பாதியில், வயதானவர்கள் வேண்டாத சண்டைகளை விட்டுவிட்டு வேண்டிய ஆட்களோடு நேரத்தைச் செலவிடுகிறார்கள், அதனாலேயே பலர் முன்னைவிட நிம்மதியாக இருக்கிறார்கள் என்று வந்தது. அதைக் கேட்டதும் மின்கோ, கொழுந்தியாளோடு பேசுவதை நிறுத்தப்போவதாக அறிவித்தார். அந்தக் கொழுந்தியாள் அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். நானும் "இந்த வயசுல எதுக்கு" என்று தொடங்கும் பேச்சை விட்டுவிட்டேன். வசந்தத்தில் ஜிவ்காவோடு சேர்ந்து வட்ட நடனப் பயிற்சிக்குப் போனேன். இடது காலை எப்போதும் தாமதமாகத்தான் வைக்கிறேன். பதினெட்டு வயதிலும் அப்படித்தான் வைத்தேன், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மே மாதம் நகராட்சி ஜிவ்காவைக் கூப்பிடவில்லை. சங்கடப்பட்டிருப்பார்கள். அவளே நேராகப் போய், "மைக்கை யாருக்குக் குடுத்திருக்கீங்க?" என்று கேட்டாள். இன்னும் யாருக்கும் இல்லை என்றார்களாம். "அப்ப நான் வர்றேன்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

இருபத்துநான்காம் தேதி வெயில் நன்றாக இருந்தது. நீல ப்ரோச் அவள் சட்டையில் இருந்தது. இந்த முறை நான் முதல் வரிசையில் இல்லை. புதன்கிழமைக் கூட்டத்தோடு ஊர்வலத்தின் வால்பகுதியில் நின்றேன். வாசகசாலையின் சார்பாக எங்களையும் நடக்கச் சொல்லியிருந்தாள் ருமியானா. மின்கோ என் தோளைப் பிடித்திருந்தார்.

ஒலிபெருக்கி எங்கள் தெருவரை கேட்டது. உயர்நிலைப் பள்ளி போனது. தொடக்கப் பள்ளியை அவள் இசைப் பள்ளி என்று சொல்லிவிட்டாள். மேலே ஒரு மூச்சு அளவுக்கு இடைவெளி.

"திருத்தம்," என்றது குரல், கொஞ்சமும் பதறாமல். "தொடக்கப் பள்ளி. இசைப் பள்ளி பின்னால் வருகிறது." அவ்வளவுதான். ஊர்வலம் நடந்தது.

கடைசியாக நாங்கள் வளைவில் திரும்பினோம். கைத்தடிகள், தடித்த மூக்குக் கண்ணாடிகள், ஒரு சக்கர நாற்காலி. பூங்கொத்துகளில் பாதி சாய்ந்திருந்தன. மேடையில் ஜிவ்கா எங்களைப் பார்த்தாள். மூச்சை இழுத்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வாசகசாலையிலிருந்து புறப்பட்ட வண்டி, சற்றுத் தாமதமாக, இரண்டாவது நடைமேடைக்கு வந்து சேர்கிறது. பின்னால் உள்ள பெட்டியில் என் அக்கா இருக்கிறார். இடம் விட்டு நிற்கவும்."

சதுக்கம் போன ஆண்டைவிடச் சத்தமாகச் சிரித்தது. என் தோளில் இருந்த பிடி இறுகியது. மின்கோ நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு கன்னமும் உப்ப, நாற்பது ஆண்டு ஓட்டிய எஞ்சினின் ஊதலை வாயாலேயே நீளமாக ஊதினார். நாங்கள் வேகத்தைக் குறைத்து உள்ளே வந்தோம்.